ஆயுதம் தெரிந்த கைகளுக்கு ஒரு திறந்த மடல்

மகப்பேறு வார்டுகளில் பல்லாண்டு நின்று பழகிய மூத்த மருத்துவர்களுக்கும், லேபர் ரூம் சிஸ்டர்களுக்கும்,

ஆயுதம், அதாவது ஃபோர்செப்ஸ், போட்டுப் பிள்ளை எடுக்க உங்களில் பலருக்குத் தெரியும். உங்களுக்கு அடுத்த வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால், "பார்த்திருக்கோம் சிஸ்டர், போட்டதில்லை" என்கிறார்கள். சிலர் பார்த்தது கூட இல்லை. பி.ஜி. முடித்துத் தனியாக யூனிட் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்ட பிள்ளைகள் சொல்லும் பதில் இது.

இப்படி ஆனதற்குக் காரணங்கள் பல. வழக்கு வரும் என்ற பயம் ஒன்று. வாக்குவம் வந்தது ஒன்று. சிசேரியன் முன்னைவிடப் பத்திரமாகிவிட்டது என்பதும் ஒன்று. அதில் நியாயம் இருக்கிறது. அவற்றைப் பற்றி நீங்களே மாநாடுகளில் பேசுகிறீர்கள். யாரும் வாய்திறந்து பேசாத இன்னொரு காரணத்துக்காகத்தான் இந்த மடல். தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டாமல் வைத்துக்கொள்வது. போட்டிக்கு ஆள் முளைத்துவிடக் கூடாது என்று தன் இடத்தைச் சுற்றி வேலி கட்டிக்கொள்வது. தன் 'டர்ஃப்'பைக் காத்துக்கொள்வது என்று ஆங்கிலத்தில் பேச்சு வழக்கு உண்டு. நம் வராந்தாவில், "மேடம் கைய விட்டுத் தரமாட்டாங்க" என்போம்.

நான் லேபர் ரூம் செவிலியராக இருந்து, பிறகு செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள். ஆயுதம் போடும் இடம் என்னுடையதாக இருந்ததில்லை. போடுகிறவருக்குப் பக்கத்தில் ட்ரேயோடு நின்றவள். அங்கே நின்று பார்த்ததைக் கொண்டு எழுதுகிறேன்.

ஆயுதம் பிறந்த கதையே இந்த வழக்கத்தின் கதைதான். 'சேம்பர்லென் குடும்பத்தார் கண்டுபிடித்தார்கள், ரகசியமாக வைத்திருந்தார்கள்' என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் கடந்துவிடும். அந்த வரியில் கொஞ்சம் நின்று பார்க்க உங்களை அழைக்கிறேன்.

பிரான்ஸில் புராட்டஸ்டன்டு மதத்தாரைத் துரத்தித் துன்புறுத்திய காலத்தில், 1569இல், வில்லியம் சேம்பர்லென் குடும்பத்தோடு பாரிஸிலிருந்து தப்பி இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் வந்து ஒண்டினார். அவருடைய மகன்களில் இரண்டு பேருக்குப் பீட்டர் என்றே பெயர். இருவரும் ரண வைத்தியம் கற்று, லண்டனில் பேறு பார்ப்பதில் பெயர் எடுத்தார்கள். மூத்த பீட்டரின் கைராசி முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ராணி ஆன் வரைக்கும் எட்டியது.

அந்தக் காலத்தில் பேறு நடக்கும் அறை பெண்களின் இடம். மருத்துவச்சி இருப்பாள், தாய் இருப்பாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் இருப்பார்கள். ஆண் வைத்தியர் உள்ளே நுழைகிறார் என்றால், பெரும்பாலும் பிள்ளை போனது போனதுதான் என்று முடிவாகிவிட்டது. தலை இறங்கி, இடுப்பெலும்பில் முட்டி நின்று, வலியும் ஓய்ந்து, நாள் கணக்கில் கிடந்த பெண்ணிடம் அவர் கொக்கியோடு வருவார். பிள்ளையின் மண்டையைத் துளைத்து இழுத்தாவது தாயை மிச்சப்படுத்தப் பார்ப்பார். சேம்பர்லென்கள் கொண்டுவந்த கருவி பிள்ளையை உயிரோடு எடுத்தது. தலையின் வடிவத்துக்கு வளைத்த இரண்டு இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திறப்பு. ஒன்றை ஒரு பக்கமும் மற்றொன்றை மறு பக்கமும் தனித்தனியாக உள்ளே செலுத்தி, தலையை அணைத்த பிறகு வெளியே கைப்பிடியருகில் இணைப்பது. அந்த யோசனைதான் கண்டுபிடிப்பு. இன்று உங்கள் ஆட்டோகிளேவ் டிரம்மில் இருக்கும் ஆயுதமும் அதே யோசனையில்தான் வேலை செய்கிறது.

இதை அவர்கள் வெளியார் யாருக்கும் காட்டவில்லை. பொன்முலாம் பூசிய பெரிய பெட்டியை இரண்டு பேர் தூக்கி வருவார்களாம். உறவுக்காரப் பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார்களாம். வலியில் கிடப்பவளின் கண்ணைக் கட்டிவிடுவார்களாம். இரும்பு உரசும் ஒலி கேட்காதபடி மணி அடிப்பார்கள் என்றும் சொல்லுவார்கள். இதில் கொஞ்சம் பிற்காலத்துக் கைச்சரக்காக இருக்கலாம். ரகசியம் மட்டும் முழு உண்மை. அப்பாவிடமிருந்து மகனுக்கு, பெரியப்பாவிடமிருந்து தம்பி மகனுக்கு என்று அந்தக் கருவி நூறு ஆண்டுக்கு மேல் ஒரே குடும்பத்துக்குள் சுற்றி வந்தது.

அவர்களைப் பொல்லாதவர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மூத்த பீட்டரை 1612இல் லண்டன் மருத்துவர் கல்லூரி நியூகேட் சிறையில் தள்ளியது. ரண வைத்தியர் உள்ளுக்கு மருந்து கொடுத்தார் என்பது குற்றம். மருந்து எழுதுவது படித்த மருத்துவர்களின் உரிமை, கத்தி பிடிப்பவன் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று கல்லூரி கோடு கிழித்து வைத்திருந்தது. ராணியும் கேன்டர்பரி பேராயரும் தலையிட்ட பிறகே அவர் வெளியே வந்தார். அகதியாக வந்த குடும்பம், பெரிய சங்கத்தின் பகை, கையில் இருப்பதோ ஒரே ஒரு வித்தை. அதை மறைத்து வைக்கத் தோன்றியதில் வியப்பில்லை. அடுத்தவர் போட்ட வேலியில் அடிபட்டவர், தனக்கு வாய்ப்புக் கிடைத்ததும் அதைவிட உயரமாக ஒன்றைக் கட்டிக்கொண்டார். இதை நம் வார்டுகளில் நான் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒன்றையும் தொடவிடாமல் ஓரங்கட்டப்பட்டவர்தான், அசிஸ்டென்ட் ஆனதும் தன் ஜூனியரை அதே ஓரத்தில் நிறுத்துகிறார்.

குடும்பம் வேலியை இன்னும் நீட்டப் பார்த்தது. இளைய பீட்டரின் மகனும் பீட்டர்தான். கேம்பிரிட்ஜ், ஹைடல்பெர்க், பதுவா என்று போய்ப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். மருத்துவச்சிகளையெல்லாம் ஒரு சங்கமாக்கி, அதற்குத் தானே தலைவராக இருக்க அவர் முயன்றார். 1634இல் மருத்துவச்சிகள் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். இவர் புத்தகத்தில் படித்தவரே தவிரப் பேறு பார்த்து அறிந்தவரல்லர், ஆபத்து முற்றிய நேரத்தில் கருவி போட்டு வலிந்து எடுப்பவர், எங்கள் தொழிலுக்கு இவர் எப்படித் தலைவராவார் என்பது அவர்கள் வாதம். அந்தப் பெண்கள் பக்கம் நியாயம் இருந்தது. அவர் முயற்சி பலிக்கவில்லை. ஆனால் இந்த இழுபறி முழுவதிலும் அந்தக் கருவி மருத்துவச்சியின் கைக்கு வரவேயில்லை. ஊர் ஊராகப் பேறு பார்த்தவர்கள் அவர்கள். தலை முட்டி நிற்பதை முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவர்கள்தான்.

அடுத்த தலைமுறையில் ஹியூ சேம்பர்லென். 1670இல் இவர் பாரிஸுக்குப் போய், ரகசியத்தைப் பெருந்தொகைக்கு விற்கிறேன் என்றார். அன்று ஐரோப்பாவிலேயே பேர்பெற்ற மகப்பேறு வைத்தியர் பிரான்சுவா மொரிசோ அங்கே இருந்தார். செய்து காட்டுங்கள் என்று மொரிசோ ஒரு பெண்ணைக் காட்டினார். 38 வயது, முதல் பேறு. ரிக்கெட்ஸ் நோயால் உடல் குறுகி, இடுப்பெலும்பும் குறுகியவள். கால்மணி நேரம் கூட ஆகாது என்றார் ஹியூ. கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் முயன்றார். பிள்ளை வரவில்லை. மறுநாள் அந்தப் பெண் இறந்துபோனாள். உடலைத் திறந்து பார்த்தபோது கர்ப்பப்பை கிழிந்திருந்தது. மொரிசோ இதை எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் நெஞ்சு அடைப்பது இந்த இடத்தில்தான். அந்த இடுப்பில் ஆயுதம் போடக் கூடாது. இன்று மூன்றாம் ஆண்டு மாணவி கூடச் சொல்லிவிடுவாள். ஹியூ கைதேர்ந்தவர், அவருக்கு முன் மூன்று பீட்டர்கள் செய்த வேலை. அப்படியிருந்தும், எந்த இடுப்பில் போடலாம், எதில் கூடாது என்பதை அவரிடம் சொல்ல ஒரு ஆள் இல்லை. யாரையும் பக்கத்தில் நிற்கவிடாதவருக்கு, "சார், இது வேண்டாம்" என்று சொல்ல யார் இருப்பார்கள்? ரகசியமாக வைத்த கைவேலைக்குத் தன் எல்லை தெரியாமலே போய்விடுகிறது. அதற்கு விலை கொடுத்தவள் அந்த மேசையில் கிடந்தவள்.

வியாபாரம் முறிந்து ஊர் திரும்பிய ஹியூ, மொரிசோவின் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1672இல் வெளியிட்டார். அதன் முன்னுரையில் ரகசியத்தைப் பற்றி அவரே பேசுகிறார். கொக்கி போடாமல் பிள்ளையை எடுக்கும் வழி எங்கள் குடும்பத்துக்குத் தெரியும், ஆனால் என் அப்பாவும் சகோதரர்களும் இதை வைத்துப் பிழைக்கிறார்கள், அவர்களுக்குக் கேடு வராமல் இதை வெளியிட என்னால் ஆகாது என்பது அதன் சாரம். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. வயிற்றுப்பிழைப்பை அவர் மறைக்காமல் சொன்னார். ஆனால் அதே முன்னுரையைப் படித்த வைத்தியர்கள், அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, கொக்கியோடு போய் நின்றார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இன்னும் மோசம். ரோன்ஹூய்சன் என்ற வைத்தியர் குடும்பத்திடம் இதேபோல ஒரு ரகசியம் இருந்தது. ஹியூதான் விற்றார் என்றும் பேச்சு உண்டு. 1746 முதல், அந்த ரகசியத்தைக் காசு கொடுத்து வாங்காதவர் அந்நகரத்தில் பேறு பார்க்க அனுமதி பெற முடியாது என்றாகிவிட்டது. 1753இல் இரண்டு மருத்துவர்கள் அதை விலைகொடுத்து வாங்கி, ஊரறிய அச்சிட்டார்கள். உள்ளே இருந்தது ஒற்றை நெம்புகோல். இத்தனை கட்டுக்காவலும் அதற்காகத்தான்.

வெளிச்சத்துக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். கென்ட் நகரத்து ரண வைத்தியர் யான் பால்ஃபைன் 1720களின் தொடக்கத்தில் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குப் போய், தான் செய்த 'இரும்புக் கைகளை'க் காட்டினார். அந்தத் தகடுகள் ஒன்றோடொன்று பூட்டாது, வழுக்கும். ஆனாலும் காட்டினார். காட்டியதால் அடுத்தவர் திருத்த முடிந்தது. 1733இல் எட்மண்ட் சாப்மன் ஆயுதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிப்படையாக எழுதினார். 1747இல் பிரான்ஸின் லெவ்ரே, தகடுகளுக்குத் தாயின் இடுப்பு வளைவுக்கு ஏற்ற இன்னொரு வளைவைக் கொடுத்தார். லண்டனில் வில்லியம் ஸ்மெல்லி பூட்டை எளிதாக்கினார். அந்தப் பூட்டை இன்றும் 'இங்கிலீஷ் லாக்' என்கிறோம். வெளியே வந்து முப்பது ஆண்டுக்குள் இவ்வளவும் நடந்தது. சேம்பர்லென் வீட்டுக்குள் நூறு ஆண்டு இருந்த கருவியில் இடுப்பு வளைவு கடைசிவரை வரவில்லை. அந்தக் கருவிகளே பின்னால் கிடைத்ததால் நமக்கு இது தெரியும். எஸ்ஸெக்ஸில் உட்ஹாம் மார்ட்டிமர் என்ற ஊரில் டாக்டர் பீட்டர் வாழ்ந்த வீட்டில், 1813இல், தரைப்பலகைக்கு அடியில் ஒரு மறைவிடம் அகப்பட்டது. குடும்பக் கடிதங்களோடும் சில்லறைச் சாமான்களோடும் ஆயுதங்கள் அங்கே கிடந்தன. அதற்குள் அவை யாருக்கும் தேவைப்படாதவை ஆகிவிட்டன.

ஸ்மெல்லியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. ஸ்காட்லாந்தின் லனார்க் பக்கத்துக்காரர். லண்டனுக்கு வந்து வீட்டிலேயே வகுப்பு எடுத்தார். எலும்பும் தோலும் வைத்துப் பொம்மை செய்து, அதன் வழியாகப் பிள்ளையை எடுக்கப் பழக்கினார். ஏழைப் பெண்களுக்குக் காசு வாங்காமல் பேறு பார்ப்பார். மாணவர்கள் உடன் நின்று பார்க்கச் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏழையின் உடம்பு பாடமானது என்ற வருத்தம் இதில் உண்டு. நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் அந்த வருத்தம் இருக்கிறது. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் பத்தாண்டுகளில் 900க்கும் மேற்பட்ட மாணவர்கள் அவரிடம் படித்துப் போனார்கள். பெண்களுக்கும் வகுப்பு எடுத்தார். அவருக்கும் முன்னால், 1737இல், சாரா ஸ்டோன் என்ற மருத்துவச்சி தன் அனுபவத்தில் பார்த்த கடினமான பேறுகளையெல்லாம் புத்தகமாக எழுதினார். தன் தொழிலைச் செய்யும் மற்றப் பெண்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதினார்.

இனி நம் லேபர் ரூமுக்கு வருகிறேன்.

இரவு நேரம். தலை கீழே வந்துவிட்டது. தாய் முக்கி முக்கிக் களைத்துவிட்டாள், பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கி இறங்கி ஏறுகிறது. ஆயுதம் போட்டு எடுக்கத் தோதான கேஸ். மேடம் வருகிறார், கையுறை போடுகிறார். பக்கத்தில் பி.ஜி. ஆவலோடு நிற்கிறாள். "நீ போய் பிளட் ரெடியா பாரும்மா." அவள் ஓடுகிறாள். திரும்பி வந்தால், "வார்மரை ஆன் பண்ணு." அதையும் செய்துவிட்டு வந்து எட்டிப் பார்க்கிறாள். மேடத்தின் தோள் மறைக்கிறது. லைட்டைச் சரிசெய்கிற சாக்கில் பக்கவாட்டில் வந்து நிற்கிறாள். மேடம் அரை அடி திரும்பிக்கொள்கிறார். பிள்ளை அழுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. "எப்படி மேடம் போட்டீங்க?" "அதெல்லாம் கைப்பழக்கம்மா." அந்த மேடத்தின் கை மிக நல்ல கை. தாயின் தசையில் சிறு கிழிசல் கூட இல்லாமல் எடுப்பவர். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகு அந்த யூனிட்டில் ஆயுதம் எடுக்க ஆளில்லை. டிரம்மில் வாரம் தவறாமல் வேகவைத்து, வாரம் தவறாமல் அப்படியே திரும்ப அடுக்கினோம்.

இன்னொருவரையும் பார்த்தேன். ஆயுதத்தைப் பூட்டி, முதலில் வெளியே, தாயின் முன்னால் காற்றில் பிடித்துக் காட்டுவார். உள்ளே போனால் இப்படித்தான் இருக்கும், கண்ணால் பார்த்துக்கொள் என்பார். பிறகு பூட்டைக் கழற்றி, இடது தகட்டை பி.ஜி.யின் இடது கையில் பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கவைப்பார். வலது கை விரல்கள் உள்ளே தலைக்கும் தசைக்கும் நடுவில் காவலாக இருக்க வேண்டும். "நீ தள்ளாதே. அதுவா போகும். போகலைன்னா எடம் தப்பு, எடுத்துடு." தகடு இரண்டும் உள்ளே போனதும், "பூட்டு தானா விழணும். அழுத்திப் பூட்டினா அது பூட்டில்ல" என்பார். சேஜிட்டல் சூச்சர் நடுவில் இருக்கிறதா, பின் உச்சிக்குழி எங்கே இருக்கிறது என்று அவள் விரலாலேயே தொட்டுச் சொல்லவைப்பார். இழுக்கும்போது தன் கையை அவள் கைமேல் வைத்திருப்பார். வலி வரும்போது முதலில் கீழ்நோக்கி, தலை தெரியத் தெரிய மேல்நோக்கி. வலி ஓயும்போது அவர் கை அவள் கையை நிறுத்தும். அந்தப் பெண் பின்னால் சொன்னாள்: எவ்வளவு பலம் என்பதைவிட எவ்வளவு பலம் வேண்டாம் என்பதைத்தான் அன்று கற்றேன் என்று. இதை எந்த வீடியோவிலும் பார்த்துக் கற்க முடியாது. கை மேல் கை இருந்தால்தான் வரும்.

கற்றுக்கொடுக்காததற்கு நீங்கள் சொல்லும் காரணங்களும் எனக்குத் தெரியும். "கத்துக்கொடுத்தா எதிர்த்த தெருவிலேயே நர்சிங் ஹோம் தொறக்கிறாங்க." உண்மைதான், நடக்கிறது. ஸ்மெல்லிக்கும் நடந்தது. லண்டனுக்கு வந்த புதிதில் அவர் வீட்டில் தங்கிக் கற்ற வில்லியம் ஹன்டர், பிறகு அவரைவிடப் பெரிய இடங்களுக்குப் போனார். ராணி சார்லட்டுக்கே மருத்துவரானார். ஸ்மெல்லிக்கு அரண்மனை வாய்க்கவில்லை. அதைக் கண்டு அவர் வகுப்பை நிறுத்தவும் இல்லை, 1752இல் தான் அறிந்ததையெல்லாம் புத்தகமாகப் போட்டார். நம் ஊரில் தலை முட்டி நிற்கும் பெண்கள் உங்கள் நர்சிங் ஹோமுக்கும் எதிர் நர்சிங் ஹோமுக்கும் பகிர்ந்து கொடுத்தாலும் மீதி இருப்பார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில், ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்கும் பெண்ணுக்கு, எதிரே போட்டியாகத் திறந்தது யார் என்பது ஒரு பொருட்டா?

"ஏதாவது ஆனா கோர்ட்டுக்குப் போறது நான்." இதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. அந்தப் பாரம் உங்கள் மேல்தான் விழுகிறது. ஆனால் கற்றுக்கொடுப்பதென்றால் ஜூனியரைத் தனியே விட்டுவிட்டுப் போவது என்று பொருளல்ல. கேஸைத் தேர்ந்தெடுப்பது நீங்கள், பக்கத்தில் நிற்பது நீங்கள், போதும் என்று நிறுத்துவது நீங்கள். பொம்மையில் நூறு முறை போட்டுப் பார்த்த கைதான் தாயிடம் வர வேண்டும். பொம்மை வாங்கிப் பூட்டிவைத்திருக்கும் ஸ்கில் லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடியிருக்கிறீர்களா? அதைத் திறந்துவைக்கச் சொல்லிக் கேட்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, பி.ஜி.க்கு இல்லை.

"இனி எதற்கு ஆயுதம், அதான் சிசேரியன் இருக்கே" என்பதையும் கேட்கிறேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் 2015-16இல் 34.1 சதவீதம், 2019-21இல் 44.9 சதவீதம். இதில் பெரும்பகுதி ஆயுதம் தெரியாததால் வந்ததல்ல. அதற்கு வேறு காரணங்கள், வேறு சண்டைகள். நான் பேசுவது, முழுதாகத் திறந்து தலை கீழே வந்த பிறகு தியேட்டருக்குப் போகும் கேஸ்களைப் பற்றி. அந்த சிசேரியன் எப்படிப்பட்டது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். தலை இடுப்புக்குள் ஆப்புபோல இறுகியிருக்கும். மேலே ஒருவர் கைவிட்டு எடுக்க, கீழேயிருந்து ஒருவர் தள்ள வேண்டியிருக்கும். கர்ப்பப்பையில் போட்ட வெட்டு பக்கவாட்டில் கிழிந்து ரத்தம் கொட்டும். அடுத்த கர்ப்பத்தில் அந்தத் தழும்பைக் குறித்து ஒன்பது மாதமும் பயம். அப்படி ஒரு தியேட்டருக்கு வெளியே, "சுகப்பிரசவம்னாங்களே, தலை தெரியுதுன்னாங்களே" என்று கேட்டு நின்ற மாமியார்களுக்கு பதில் சொன்னது நாங்கள்.

அதனால் கேட்கிறேன். ஓய்வுக்கு ஓரிரு ஆண்டு இருக்கிறவர்கள், உங்கள் யூனிட்டில் இரண்டு பேரையாவது பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். யார் எதிரே கடை போடுவார், யார் போடமாட்டார் என்று பார்க்காதீர்கள்; யார் கை நிதானமானது என்று பாருங்கள். அடுத்த ஆயுதக் கேஸ் வரும்போது அவளை ரத்தம் வாங்க அனுப்பாதீர்கள். அதற்கு நாங்கள் இருக்கிறோம். போட்ட பிறகு, போடாமல் விட்ட பிறகு கூட, ஏன் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். ஏன் போடவில்லை என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? பாரிஸில் ஹியூவுக்கு அந்த ஒரு பாடம்தான் இல்லாமல் போனது.

சிஸ்டர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம்மிடமும் பூட்டிவைத்த பெட்டிகள் உண்டு. தையல் போடும் பக்குவம், தோள் சிக்கினால் தாயின் காலை எப்படி மடக்கிப் பிடிப்பது, பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை முக்கவைப்பது. இவையெல்லாம் பல சீனியர் சிஸ்டர்களின் கையோடு வீட்டுக்குப் போய்விட்டன. ஜூனியர் வந்தால் ரிஜிஸ்டர் எழுதவும் டிரம் அடுக்கவும் அனுப்புகிறோம். கேஸ் முடிந்தபிறகு கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொல்கிறோம். இரவு டியூட்டியில் இரண்டு கேஸுக்கு நடுவே கிடைக்கும் அரைமணி நேரத்தில் அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக் காட்டுங்கள். டாக்டர்களிடமும் தயங்காமல் கேளுங்கள்: "மேடம், இன்னிக்கு பி.ஜி. போடட்டுமே, நான் ட்ரேயைப் பாத்துக்கறேன்." நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். பல மேடங்களின் முதல் ஆயுதக் கேஸுக்கு ட்ரே பிடித்தது உங்கள் சீனியர்கள்தான். அது அவர்களுக்கு மறந்திருக்காது.

என்றும் அன்புடன்,
ஓய்வுபெற்ற லேபர் ரூம் செவிலியர் ஒருவர்